ஓடும் காரின் நடுக்கம்

பொங்கல் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊர் செல்லும் நம் குடும்பங்கள் பல. நகருக்குள் அமைதியாக ஓடிய கார், நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவுடன் நடுங்கத் தொடங்குவதுண்டு. சென்ற ஆண்டு எனக்கும் அவ்வனுபவம் நேர்ந்தது. புறப்படுமுன்பே நடுக்கத்தைச் சொல்லி, ஒரு பட்டறையில் வீல் அலைன்மென்ட் செய்திருந்தேன். பயனில்லை.

காரணம் யாதெனில், அலைன்மென்ட் வேறு, பாலன்ஸிங் வேறு. சக்கரங்கள் நிற்கும் கோணத்தைத் திருத்துவது முன்னது. கார் ஒருபக்கம் இழுத்தால் அதுவே மருந்து. சக்கரத்தின் விளிம்பில் சிறு உலோகத் துண்டு பொருத்தி எடையைச் சமன் செய்வது பின்னது. வேகத்தில் எழும் நடுக்கத்திற்கு அதுவே முதல் மருந்து. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய காரின் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 13 முறை சுழல்கிறது. வேகம் இருமடங்கானால், சமனற்ற எடை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். நகருக்குள் உறங்கும் குறை நெடுஞ்சாலையில் விழித்துக்கொள்வது இதனாலேயே.

இரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டுப் பழுதறியும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. காரையும் நாம் அவ்வாறு கவனித்தல் வேண்டும். ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரங்களில் குறை. இருக்கை நடுங்கினால் பின்சக்கரங்களில். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டைப் பார்க்க வேண்டும். வேகம் கூட்டும்போது மட்டுமெனில் என்ஜினிலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் தண்டின் இணைப்புகளை ஐயுறலாம். நின்ற நிலையிலேயே நடுங்கினால் குறை சக்கரத்தில் இல்லை. என்ஜின் பக்கத்தில் உள்ளது. நடுக்கம் திடீரெனத் தோன்றினாலோ, உடனே ஓரமாக நிறுத்திச் சக்கர நட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்ப்பது முதற்கடமை.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு டயர்க் கடையில் வண்டியை நிறுத்தினேன். தொழிலாளி முன்சக்கரத்தைக் கழற்றி, டயரின் உட்பக்கத்தில் எலுமிச்சை அளவு வீக்கம் ஒன்றைக் காட்டினார். சாலைக் குழியில் மோதி உள்ளிழைகள் அறுந்திருந்தன. "குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு இதிலா இவ்வளவு தூரம் வந்தீர்கள், சார்?" என்றார். விடை சொல்ல நாவெழவில்லை. அத்தகைய டயரைச் செப்பனிட இயலாது, மாற்றுவதொன்றே வழி. மாற்றிச் சக்கரத்தைச் சமன் செய்தபின் நடுக்கம் அறவே நின்றது.

ஆதலின் அன்பர்களே, பட்டறைக்குச் செல்லுமுன் எப்போது நடுங்குகிறது, எங்கே நடுங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஊருக்குப் புறப்படுமுன் டயர்களின் உட்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.