பனி அரக்கன்

கணினி வராத காலத்திலேயே மாவீரர்களையும் அரக்கர்களையும் திரையில் உலவவிட்டவர் பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் மெலியே. 1912-இல் அவர் எடுத்த 'பனி வீரன்' குறும்படத்தில், சாத்தானின் துணையோடு கடத்தப்பட்ட இளவரசியை மீட்கப் புறப்படுகிறான் ஒரு குதிரை வீரன். அதே ஆண்டு வந்த துருவப் பயணப் படத்திலோ, பனிப்பரப்பைப் பிளந்துகொண்டு எழுகிறான் ஒரு ராட்சதன்! இடுப்புக்கு மேல் மட்டுமே தெரியும் பிரம்மாண்டப் பொம்மை அது. மறைவில் நின்று ஆட்கள் இயக்க, கண்ணை உருட்டும், புகைக்குழாய் பிடிக்கும், ஓர் ஆளையே லபக்கென்று விழுங்கும். பீரங்கி முழங்கியதும் அவரை அப்படியே துப்பிவிடும். என்ன அருமையான கைவேலை! அந்த மெலியே, பிற்காலத்தில் பாரிஸின் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் உட்கார்ந்திருந்தார்.