வெயில் மயக்கமா, மசக்கையா?

மரக்காணத்து உப்பளங்களில் சித்திரை வெயில் மேலிருந்து மட்டும் காய்வதில்லை. பாத்திகளில் விளைந்து கிடக்கும் உப்பின் வெண்மையில் பட்டுத் தெறித்துக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. பலகையால் இழுத்துக் குவித்த உப்பைக் கூடையில் வாரித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பின்மேல் வெறுங்காலோடு நடந்து, மேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பும் ஒரு பெண், காலை பத்து மணிக்கெல்லாம் தலை சுற்றிக் கண் இருண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டால், கூட வேலை செய்பவர்கள் பதறுவதில்லை. “வெயில் ஏறிடுச்சு, பித்தம்தான், கொஞ்சம் மோர் குடிச்சிட்டு நிழல்ல உட்காரு” என்பார்கள். பல சமயங்களில் அந்த அனுபவ ஞானம் பொய்ப்பதில்லை. ஆனால் கர்ப்பம் தரித்த முதல் வாரங்களில் சரீரம் காட்டும் லட்சணங்களும் ஏறத்தாழ இதே வேஷத்தில்தான் வருகின்றன என்பதையும், வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த வாரங்களைக் கழித்துவிடுவதால் தாய்க்கும் கருவுக்கும் நேரக்கூடிய நஷ்டம் பெரிது என்பதையும் இந்தக் கரையோரத்துக் குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் எழுந்தருளியிருக்கும் இரும்பையில் தொடங்கி, கழுவெளியின் ஓரமாகவே வடக்கு நோக்கிப் போனால் மரக்காணம் வரையில் வயலும் முந்திரியும் சவுக்கும் உப்பளமுமாக நிலம் மாறிக்கொண்டே போகிறது. பெண்களின் உழைப்பு மட்டும் எங்கும் திறந்த வானத்தின் கீழேதான் நடக்கிறது. ஆகையால் உப்பளத்தைப் பற்றிச் சொல்வது நாற்று நடுகிறவளுக்கும் கட்டட வேலைக்குப் போகிறவளுக்கும் பொருந்தும்.

கரு கருப்பையின் சுவரில் பதிந்தவுடன், பின்னால் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் அணுக்கள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. ஆரம்பத்தில் ஏறத்தாழ இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போகும் இந்த ஹார்மோன், மாதவிலக்கு நின்றுவிடும்படியும் புரொஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் குறையாமல் ஊறும்படியும் செய்கிறது. கர்ப்பிணியின் அசதிக்கும் பகல் தூக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் பெரும்பங்குக் காரணம் இந்தப் புரொஜெஸ்டிரோனே. உடல் உஷ்ணத்தையும் அது சிறிதளவு, அரை டிகிரி செல்சியஸுக்குள், உயர்த்திவிடுகிறது. ‘உடம்பு சூடாகவே இருக்கிறது’ என்று அந்தப் பெண் சொல்வது கற்பனையல்ல. அதோடு இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதால் இரத்த அழுத்தம் முதல் மாதங்களிலேயே இறங்கத் தொடங்குகிறது. குனிந்து உப்பை வாரிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிரும்போது தலைக்குப் போகவேண்டிய இரத்தம் ஒரு கணம் பின்தங்கிவிடக் கண் இருளுகிறது.

வெயிலும் சரீரத்தில் இதையேதான் செய்கிறது. உள்ளே தேங்கும் உஷ்ணத்தை வெளியேற்றத் தோலின் குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் நீரும் உப்பும் போய்விடுகின்றன, அழுத்தம் இறங்குகிறது. இரண்டு காரணங்களும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் கூடும்போது மயக்கம் இரட்டிப்பாவதில் வியப்பில்லை.

இவ்விடத்தில், பலரும் பேசக் கூச்சப்படும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே சிறுநீரகங்கள் வடிகட்டும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுவதால், அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டியிருப்பது இயல்பு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மறைவும் இல்லாத உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணோ, அந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள், வந்ததையும் அடக்கிக்கொள்கிறாள். நாளடைவில் நீர்க்கடுப்பு வருகிறது. அதையும் ‘சூடு’ என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறாள். கர்ப்பிணிக்கு வரும் சிறுநீர்த் தொற்று எளிதில் சிறுநீரகம்வரை ஏறக்கூடியது. குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கக்கூடியது. எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி ஆகிய இவை சேர்ந்து வந்தால் வெந்தயத்தை நம்பியிருக்கலாகாது.

உஷ்ணம் கர்ப்பத்தைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும், 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெக்கைமிக்க இடங்களில் உழைத்தவர்கள். மற்றவர்கள் பள்ளி, மருத்துவமனை போன்ற குளிர்ந்த இடங்களில் வேலை செய்தவர்கள். வெக்கையில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் அபாயம் இரு மடங்காக இருந்தது. இங்கிலாந்திலிருந்து வெளிவரும் மகப்பேறு மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளியாகி, 2024இல் உலகத்தின் கவனத்தை ஈர்த்தன. ‘நாங்களெல்லாம் நிறைமாதம்வரை உப்புச் சுமக்கவில்லையா?’ என்று கேட்கும் மாமியாருக்கு மரியாதையோடு சொல்லவேண்டிய பதில் இதுவே: சுமந்தீர்கள் அம்மா, உண்மைதான், சுமந்து இழந்தவர்களும் அப்போது இருந்தார்கள், அவர்களை யாரும் எண்ணவில்லை.

இனி, மசக்கை. பத்துக் கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் குமட்டல் உண்டு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, நான்காம் மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். காலையில் மட்டுமே வரும் என்ற எண்ணம் சரியல்ல. எந்த நேரத்திலும் வரலாம். இதன் காரணம் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. ‘மனசுதான் காரணம்’ என்று படித்த மருத்துவர்களே பெண்களைக் கடிந்துகொண்ட காலமும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த மார்லினா ஃபெய்ஸோ என்னும் மரபணு விஞ்ஞானி, 1999இல் தாமே கடும் வாந்தியால் தம் கருவை இழந்தவர். அந்தத் துயரத்தையே ஆராய்ச்சியாக்கிக்கொண்டவர். அவரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஓராஹிலியும் இலங்கை உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஜி.டி.எஃப்.15 என்னும் ஹார்மோனைச் சுட்டிக்காட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் அதைத் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. அது மூளையின் அடிப்பகுதியைத் தூண்டிக் குமட்டலை எழுப்புகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்தவர்களை மசக்கை அதிகம் வாட்டுகிறது. தலசீமியா என்னும் இரத்தக் குறைபாட்டால் முன்பே அது மிகுந்திருக்கும் பெண்களுக்கோ குமட்டல் மிகக் குறைவு. மசக்கை பாசாங்கன்று என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

வெறும் வயிறு குமட்டலைப் பெருக்கும். விடியுமுன் அளத்துக்குப் புறப்படுகிறவள் இரண்டு வாய் உலர்ந்த பண்டம் எதையாவது தின்றுவிட்டுக் கிளம்புவதும், சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும், இஞ்சி சேர்த்துக்கொள்வதும் பலன் தரும். ஆனால் தலைவலிக்கும் வாந்திக்கும் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை, நாள் தள்ளிய பெண் அடியோடு விட்டுவிட வேண்டும். 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைகால் குறையுடன் பிறக்கச் செய்துவிட்டது.

புளியங்காய்க்கு ஏங்குவதில் தீங்கில்லை. மண்ணும் அடுப்புச் சாம்பலும் பச்சரிசியும் தின்னத் தோன்றினால் அது வேறு சங்கதி. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய புறநானூற்றின் 20ஆம் பாட்டு, கர்ப்பிணிகள் விரும்பி மண் தின்பதைக் குறிப்பிடுகிறது. அவ்வளவு பழமையான வேட்கை அது. இரும்புச்சத்துக் குறைவோடு அது பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுவதை இன்றைய வைத்தியம் அறியும். 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே சுவர்மண் தின்னும் பெண்ணை ஏசுவதை விட்டு, இரத்தத்தைச் சோதிப்பதே முறை.

சில லட்சணங்கள் ஒரு நாளும் காத்திருக்கத் தகாதவை. ஒரு பக்கத்து அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை முனையில் வலி, மயங்கி விழுதல் ஆகிய இவை கரு கருக்குழாயில் தங்கியிருப்பதன் எச்சரிக்கையாகலாம். உதிரப்போக்கு நாலில் ஒருத்திக்கு முதல் மூன்று மாதத்தில் காணப்படுவதுதான். அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியே நிலைக்கிறது. ஆயினும் காட்டாமலிருக்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியெடுத்து, சிறுநீர் அடர்ந்து குறைந்துபோனால் 108ஐ அழைப்பதில் தயக்கமே வேண்டாம்.

கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் குழல், கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி ஆறு வாரத்துக்குள், அதாவது நாள் தள்ளி இரண்டே வாரத்தில், மூடிக்கொண்டுவிடுகிறது. அதற்குத் தேவையான ஃபோலிக் அமில மாத்திரையை, குழந்தையை எதிர்பார்க்கும் பெண் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கிவிடுவது உத்தமம். 1920களின் இறுதியில் பெர்லினில் அஷைமும் சோண்டெக்கும் கர்ப்பத்தைக் கண்டறியப் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்குள் செலுத்திப் பல நாள் காத்திருந்தார்கள். இன்று ஒரு சிறு பட்டையில் காலைச் சிறுநீரின் சில துளிகளை விட்டால், ஐந்து நிமிஷத்தில் இரண்டு கோடுகள் விடை சொல்லிவிடுகின்றன.

ஆகையால் சகோதரிகளே, தலை சுற்றினால் முதலில் நாளை எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம் தள்ளியிருந்தால் உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்; 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொண்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் வழி பிறக்கிறது. உப்பளம் நடத்துகிறவர்களே, அளத்தின் ஓரத்தில் ஒரு நிழற்கூரையும் ஒரு கழிப்பறையும் குடிதண்ணீரும் வையுங்கள். கர்ப்பமென்று சொல்லும் பெண்ணுக்குக் கூலியைக் குறைக்காமல் சுமையைக் குறையுங்கள்.