பெயர் பெற்றும் குலம் தெரியாதிருந்த பாசி

நீரில் மிதப்பதையும் பாறையில் படர்வதையும் பாசி என்றே தமிழில் அழைப்பது வழக்கம். தாவர நூலாரோ இவற்றை வெவ்வேறு பிரிவுகளில் வைப்பர். பாறைப் பாசிகளிலும் மாஸ், லிவர்வார்ட் என்று தனித்தனிக் குலங்கள் உண்டு. ஒரு சிறு செடி எக்குலத்தது என்று துணிவது எத்துணை அரிது என்பதற்குத் தக்காகியா நல்ல சான்றாகும்.

1951-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆல்ப்ஸ் மலையில் நொரிவோ தக்காகி என்பார் இச்செடியைக் கண்டெடுத்தார். அதன் உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே. இலைகள் தட்டையாயிராமல் விரல்கள்போல் உருண்டு பிளவுபட்டிருந்தன. பற்று வேர்களும் இல்லை. ஜப்பானியர் இதற்கு 'இன்னதென்று தெரியாத பாசி' என்னும் பொருள்படச் செல்லப் பெயரிட்டனர்.

புதிய இனம் ஒன்றைக் கண்டால் மட்டும் போதாது. அதன் உறுப்புகளை நுணுகி ஆய்ந்து, ஒத்த இனங்களினின்று அது வேறுபடும் வகையை எழுதி வெளியிட வேண்டும். பெயருக்கு ஆதாரமான மாதிரிச் செடியையும் பின்வருவோர் சரிபார்க்குமாறு உலர்த்திப் பாதுகாத்தல் வேண்டும். அவ்வாறே ஹத்தோரி, இனோவே என்னும் இருவர் 1958-இல் இதனை விவரித்து, 'தக்காகியா லெப்பிடோசியாய்டெஸ்' எனப் பெயரிட்டனர். லெப்பிடோசியா என்னும் லிவர்வார்ட்டை ஒத்தது என்பது அதன் பொருள். அக்குலத்திலேயே அதனைச் சேர்த்தனர்.

பழைய மாதிரிகளின் பயன் விரைவில் விளங்கிற்று. 1861-இல் மிட்டன் என்பார் இமயமலைச் செடி ஒன்றை லெப்பிடோசியா என்று விவரித்திருந்தார். அதுவும் தக்காகியாவே என 1963-இல் குரோலே காட்டினார்.

ஆயினும் ஐயம் தீரவில்லை. சிதல் தாங்கும் உறுப்பை எவரும் கண்டிலர். அலாஸ்காவைச் சார்ந்த அலூசியன் தீவுகளில் கிடைத்த செடிகளில் அது காணப்பட்டது; ஸ்மித், டேவிசன் ஆகியோர் 1993-இல் அதனை விவரித்தனர். லிவர்வார்ட்டில் சிதலுறை முற்றிய பின்னரே காம்பு சட்டென நீண்டு, விரைவில் வாடிவிடும். மாஸில் பெரும்பாலும் காம்பு முன்னதாக நீண்டு உறுதியாய் நிற்க, உறை பின்னர் முற்றும். தக்காகியா இரண்டாவது வகையைச் சேர்ந்திருந்தது. பிற்கால மரபணு ஆய்வுகளும் அது மாஸே என்று உறுதிசெய்தன.

இத்தகைய செடி சபாவின் கினாபாலு மலையிலும் உண்டு. குலம் மாறியபோதும் 'லெப்பிடோசியாய்டெஸ்' என்னும் பெயர் மாறவில்லை. முறைப்படி இட்ட பெயரை, பொருள் பொருந்தவில்லை என்பதற்காக நீக்குதல் தாவரப் பெயரிடல் விதிக்கு உடன்பாடன்று. பெயர் செடியைச் சுட்டுவது. அதன் குலத்தை நிறுவுவது செடியின் உறுப்புகளே.