கார் திருட்டுப் போனால்: அகப்படுவது வேறு, கைக்கு வருவது வேறு

இரவில் கடையைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் பல லட்ச ரூபாய் பெறுமான காரைத் தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்களுக்கு ஏற்பட்ட அனுபவம் மற்றவர்களுக்கு ஏற்படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள், வழக்கம்போல் சிதம்பரத்துக் கடைகளுக்கு வசூலுக்குப் போனோம். கீழவீதிப் பக்கம் காரை நிறுத்தி, நான்கைந்து கடைகளில் கணக்குப் பார்த்துவிட்டு வந்தால், நிறுத்திய இடம் காலியாக இருந்தது. அருகில் பூ விற்ற அம்மாள், "உங்க வீட்டுத் தம்பிதானே ஐயா எடுத்துட்டுப் போனாரு?" என்றார். அப்படிப் பதற்றமில்லாமல் எடுத்துப் போயிருக்கிறான். வசூல் பணம் நல்ல வேளையாகக் கைப்பையில் இருந்தது. பில் புத்தகம், அன்று காலை வாங்கிய காசோலைகள், திருப்பி எடுத்த இரண்டு பெட்டி சரக்கு, ஆர்.சி. புத்தகத்தின் அசல் எல்லாம் காரோடு போய்விட்டன.

நாங்கள் செய்த முதல் தவறு, பதறிப்போய் பஸ் ஏறிக் கடலூர் வந்தது. இங்கே ஒரு காவல் நிலையத்தில் சொன்னபோது, சம்பவம் நடந்த ஊரிலேயே போய்க் கொடுங்கள் என்றார்கள். மறுநாள் மீண்டும் சிதம்பரம் சென்று புகார் கொடுத்தோம். ஒரு நாள் வீணாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் 3 நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதிலும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். இந்த விவரம் அன்று எங்களுக்குத் தெரியாது.

புகாரில் பதிவு எண்ணை மட்டும் எழுதினால் போதாது. திருடன் முதலில் மாற்றுவது நம்பர் பிளேட்டைத்தான். சேஸிஸ் எண், என்ஜின் எண், நிறம், எங்கே நசுங்கல், எங்கே கீறல் என்பதையெல்லாம் எழுத வேண்டும். எங்கள் கார் பிறகு அடையாளம் காணப்பட்டது சேஸிஸ் எண்ணை வைத்துத்தான்.

அன்றே செய்ய வேண்டிய மற்ற காரியங்கள்

சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பணம் பிடித்தால் நம் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அன்றிரவு எங்கள் மகனுக்கு அப்படி ஒரு செய்தி வந்தது. கார் வடக்கே போகிறது என்று தெரிந்தது அதனால்தான். இத்தகைய செய்தியை உடனே காவல் துறைக்குக் காட்டிவிட்டு, அதன் பிறகு வங்கியில் சொல்லி ஃபாஸ்டேக்கை நிறுத்துங்கள்.

ஆர்.சி. அசல் காரில் இருந்தால், பெயர் மாற்றம் செய்யக்கூடாது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலோடு படிவம் 26இல் விண்ணப்பித்தால் மாற்று ஆர்.சி. கிடைக்கும்.

காசோலை கொடுத்த கடைக்காரர்களிடம் சொல்லி, அவரவர் வங்கியில் பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். பண்டிகை நேரத்தில், வாங்கிய காசோலைக்கு மறு காசோலை கேட்டு நின்றது கார் போனதைவிடக் கூச்சமாக இருந்தது. ஒருவர்கூட மறுக்கவில்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

காரில் இருந்த சரக்கும் போனால், அந்தச் சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)ஆவது பிரிவு, திருட்டுப் போன சரக்குக்கு இன்புட் கிடையாது என்கிறது. கணக்கரிடம் சொல்ல மறந்தால் பின்னால் நோட்டீஸ் வரும்.

இன்சூரன்ஸ்

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்குத் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தால், பாலிசியில் ஐ.டி.வி. என்று குறித்துள்ள தொகைதான் கணக்கு. வாங்கிய விலை அல்ல. பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்து எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். காருக்குள் இருந்த சரக்கும் பணமும் இந்தப் பாலிசியில் சேராது. கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்தவருக்குப் போகத்தான் மீதி நமக்கு. இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒரு சாவியைத் தொலைத்தவர் விளக்கம் சொல்லி மாளாது.

திருட்டை உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். காவல் துறையில் உடனே புகார் செய்திருந்து, கம்பெனிக்குத் தெரிவிப்பதில் மட்டும் தாமதம் என்றால், அந்த ஒரே காரணத்துக்காக உண்மையான கோரிக்கையை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. அதற்காக நாம் அலட்சியமாக இருக்கலாம் என்பதல்ல.

கார் அகப்பட்ட பிறகு

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, விழுப்புரம் மாவட்டத்தில் வாகனச் சோதனையில் கார் பிடிபட்டதாகத் தகவல் வந்தது. வீட்டில் சாமி படத்துக்குத் தேங்காய் உடைத்தோம். காவல் துறையினரே காரைக் கொண்டுவந்து விடுவார்கள் என்று நினைத்து, கடை வேலையில் மூழ்கிவிட்டோம். இதுதான் இரண்டாவது தவறு. முதல் தவறைவிடப் பெரியது.

பிடிபட்ட வாகனம் வழக்குச் சொத்து. நீதிமன்ற உத்தரவில்லாமல் அது நம் கைக்கு வராது. நாம் மனுச் செய்தால்தான் காரியம் விரைவாக நடக்கும். நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வெள்ளத்தில் தவித்ததை நாம் அறிவோம். நிலைய வளாகத்தில் நின்ற எங்கள் காரில் இருக்கை வரை தண்ணீர். அதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. தகவல் வந்த மறுநாளே வக்கீலைப் பார்க்காதது எங்கள் பிழை.

பழைய சட்டத்தின் 451, 457ஆவது பிரிவுகள் இப்போது 497, 503 என்று உள்ளன. இவற்றின்கீழ் இடைக்கால ஒப்படைப்பு கேட்டு மனுச் செய்யலாம். புதிய சட்டத்தில், சொத்து முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல், புகைப்படம் அல்லது வீடியோ, அதன்பின் 30 நாட்களுக்குள் உத்தரவு என்று காலக்கெடு உண்டு. கைப்பற்றிய வாகனங்களை நீண்டகாலம் காவல் நிலையத்தில் வைத்திருப்பதால் பயனில்லை, தகுந்த உத்தரவாதம் பெற்று ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே கூறியுள்ளது.

மனுவோடு ஆர்.சி., இன்சூரன்ஸ், முதல் தகவல் அறிக்கை, அடையாளச் சான்று ஆகியவை வேண்டும். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். இன்சூரன்ஸ் பணம் வாங்கிய பிறகு கார் அகப்பட்டால், அது கம்பெனிக்கே உரியது.

எங்கள் காரை மெக்கானிக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது தை பிறந்துவிட்டது. பழுது பார்த்த செலவில் பாதி, நாங்கள் சும்மா இருந்த பத்து நாட்களின் விலை.

ஆகவே வணிகப் பெருமக்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். ஆர்.சி. அசலையும் இரண்டாவது சாவியையும் காரிலிருந்து எடுத்து வீட்டுப் பெட்டியில் வையுங்கள். சேஸிஸ் எண், என்ஜின் எண், பாலிசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டுங்கள். அந்தத் தாள் பயன்படாமலே பழுப்பேறட்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.