மாநகரும் சரக்கு வண்டியும்

தில்லியில் ஸப்ஜி மண்டி என்றொரு ரயில் நிலையம் உண்டு. காய்கறிச் சந்தை என்பது அப்பெயரின் பொருள். ஆனால் பெயரை நம்பி அங்கே இறங்கி, தலைநகருக்கெல்லாம் காய்கறி வழங்கும் மொத்தச் சந்தையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அச்சந்தை 1970-களிலேயே வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி ஆசாத்பூருக்குப் பெயர்ந்துவிட்டது. அன்று ஆசாத்பூர் நகரின் விளிம்பை ஒட்டிய இடம். இன்றோ ஷாலிமார் பாக், ஜஹாங்கீர்புரி முதலிய குடியிருப்புக்கள் அதை நெருக்கி நிற்கின்றன. கொத்தவால் சாவடி வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குச் சென்றதையும், பின்னர்ச் சென்னை நகரம் தொடர்ந்து சென்று கோயம்பேட்டைச் சூழ்ந்துகொண்டதையும் கண்ட நேயர்களுக்கு இது புதிய கதையன்று.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தில்லியின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். 2011-இல் அது 1 கோடியே 68 லட்சம். நாடு முழுவதிலும் நகரவாசிகள் இதே காலத்தில் ஏறத்தாழ 6 கோடியிலிருந்து 37 கோடிக்கு மேலாகப் பெருகினர். இத்தனை பேரும் உண்ணவும் உடுக்கவும் வேண்டுபவற்றில் நகரம் தானே விளைவித்துக்கொள்வது மிகச் சொற்பம். ஹிமாசலத்து ஆப்பிளும், நாசிக் வெங்காயமும், ஆக்ரா உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இந்தியாவில் சரக்குப் போக்குவரத்தில் சுமார் 70 சதவீதம் சாலை வழியாகவே நடைபெறுவதால், அவை பெரும்பாலும் லாரியிலேயே வருகின்றன.

நெடுஞ்சாலையில் பல நூறு கிலோமீட்டர் ஓடிவந்த லாரி நகர எல்லையை அடைந்ததும் நின்றுவிடுகிறது. பகற்பொழுதில் போக்குவரத்து மிகுந்த நேரங்களில் கனரக லாரிகளை உள்ளே விடுவதில்லை. இரவு முதிர்ந்த பின்னரே வழி திறக்கும். அப்பொழுது எல்லையில் காத்துக் கிடந்தவை யாவும் ஒருசேர நகருக்குள் புகுகின்றன. மண்டிகளில் பல்லேதார் என்று அழைக்கப்படும் சுமை தூக்குவோருக்கு நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓய்வில்லை.

இவ்வேற்பாட்டின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும், அலுவலகம் செல்வோரும், பெரிய லாரிகளும் ஒரே வேளையில் ஒரே சாலையில் நெருக்குவதைக் காட்டிலும் இது மேல். ஆயினும் குளிர்காலத்தில் இதற்கோர் எதிர்விளைவு உண்டு. பகலில் வெயிலால் நிலம் சூடேற, அதை ஒட்டிய காற்று மேலெழுந்து உயரத்திலுள்ள காற்றோடு கலக்கிறது. புகையும் உடன் சென்று பரவிவிடுகிறது. இரவில் நிலம் குளிர்ந்ததும், கனத்த குளிர்காற்று தரையோடு படிந்துவிடுகிறது. அதன்மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் கவிந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் புகை கலந்து கரைவதற்கு இருக்கும் இடம் இவ்வாறு பெரிதும் சுருங்கிப்போகிறது. டீசல் லாரிகள் அணிவகுத்து வருவதோ அதே வேளையில்! சாலையின் நெரிசலை எண்ணிச் செய்த விதி, காற்றின் போக்கை எண்ணத் தவறியது என்றே சொல்ல வேண்டும்.

தில்லியில் இறக்குவதற்கு ஏதுமின்றி, அதைக் குறுக்கே கடந்து வேறு ஊர் செல்லும் லாரிகள் முன்பு ஏராளம். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நகருக்குள் நுழையும் சரக்கு வண்டிகளில் சிறியவற்றுக்கு 700 ரூபாயும் பெரியவற்றுக்கு 1,300 ரூபாயும் சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணம் விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதை இருமடங்காக்கியது. 2018-இல் கிழக்கிலும் மேற்கிலுமாக ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றி விரைவுச் சாலைகள் முற்றுப்பெற்றன. இவை இன்றியமையாதவை. எனினும் இவற்றால் விலகுவது கடந்துசெல்லும் லாரி மட்டுமே. தில்லியிலேயே இறங்க வேண்டிய மூட்டை இறங்கித்தானே ஆகவேண்டும்?

அம்மூட்டையின் பின்னே பழைய தில்லிக்குச் செல்வோம். ஃபதேபுரி மசூதியை அடுத்துக் காரி பாவ்லி என்னும் தெரு இருக்கிறது. மிளகாய், மஞ்சள், ஏலம், உலர்ந்த பழங்கள் ஆகியவற்றின் மொத்த வியாபாரத்திற்கு நாடெங்கும் பெயர்பெற்ற இடம். தும்மாமல் அத்தெருவைக் கடந்தவர் எவரேனும் உண்டா என்பது ஐயமே. அங்குள்ள சந்துகளில் லாரி நுழையாது. லாரியிலிருந்து சிறு வண்டிக்கும், அதிலிருந்து கைவண்டிக்கும், கைவண்டியிலிருந்து ஒருவர் முதுகுக்குமாக மூட்டை மாறுகிறது. அரசாங்க ஆவணங்களில் ‘கடைசி மைல்’ என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. எழுதுவதற்கு எளிய தொடர்தான். ஆனால் அம்மைலில்தான் மூட்டை அதிகமுறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் கூலி சேர்கிறது, சிறிது சிந்துகிறது.

அருகிலுள்ள சாந்தினி சௌக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி வரை, 2021-இல் சீரமைப்பு முடிந்தபின், காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் தடைசெய்யப்பட்டன. நடந்து செல்வோருக்கு இது பெரும் நன்மை. ஆனால் சரக்கின் எடையில் ஒரு பலமும் குறையவில்லை. கைவண்டி புகை விடுவதில்லை என்று அதைப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. உண்மைதான். இழுப்பவரின் மூச்சையும் முழங்காலையும் அக்கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு நோயுற்ற நாளில் வருமானம் ஏது?

இங்கேதான் மின்கல வண்டி பயன்படக்கூடும். 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மின்கலத்தால் ஓடும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியை முறையான வாகனமாக ஏற்றது. விதிகள் அதற்கு அளித்த சுமை 310 கிலோ. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது. பழைய நகரின் சந்துக்கு அதுவே போதும். சற்றுப் பெரிய வண்டிகளைப் பொறுத்தவரை, 2021-இல் தில்லி அரசாங்கம் நல்ல உபாயம் ஒன்றைக் கையாண்டது: தடைசெய்யப்பட்ட நேரங்களிலும் மின்சாரச் சிறு சரக்கு வண்டிகள் ஓடலாம் என அனுமதித்தது. டீசல் வண்டி காத்துக் கிடக்கும் நேரத்தில் மின்சார வண்டி இரண்டு நடை சென்று வரலாம் என்றால், வியாபாரிக்கு வேறு உபதேசம் தேவையில்லை. வீடுதோறும் பொருள் கொண்டுதரும் நிறுவனங்களில் பெரியவை, 2030 ஏப்ரல் 1-க்குள் தம் வண்டிகள் முழுவதையும் மின்சார வண்டிகளாக்க வேண்டும் என 2023-இல் மற்றொரு விதியும் வந்தது.

ஆயினும் மின்சார வண்டியும் சாலையில் இடத்தை அடைக்கும். ஒரு தெருவில் பத்துக் கடைகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு சுமையோடு தனித்தனி வண்டி வந்தால் பத்து வண்டிகள். சரக்கை முன்னதாக ஓரிடத்தில் சேர்த்துப் பிரித்து அனுப்பினால் இரண்டே வண்டிகள். அவ்வாறு சேர்த்துப் பிரிக்கும் இடம் நகருக்கு உள்ளேயே இருக்க வேண்டும். கிடங்குகளை ஹரியானா எல்லைவரை தள்ளிக்கொண்டே போனால், சிறு வண்டிகள் நாள்தோறும் ஓடவேண்டிய தொலைவும், வெறுமையாகத் திரும்பும் தொலைவும் நீளும்.

1962 முதல் வந்துள்ள தில்லியின் பெருந்திட்டங்களில் மொத்தச் சந்தைகளை எங்கே வைப்பது என்பது பற்றி நிறையவே பேசப்பட்டிருக்கிறது. கடை வாசலில் மூட்டையை எங்கே இறக்குவது என்பதற்கு அந்த அளவு கவனம் கிட்டவில்லை. பேருந்துக்கு நிறுத்தம் உண்டு. காருக்குக் கட்டணம் செலுத்தி நிற்க இடம் உண்டு. புதிதாக எழுந்த துவாரகையிலும் ரோகிணியிலும்கூட, காலையில் அரிசி கொண்டுவரும் வண்டி கடைக்கு எதிரே சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். பின்னால் வருவோர் ஒலி எழுப்புகிறார்கள். ஓட்டுநரோ, போக்குவரத்துக் காவலர் வருகிறாரா என்று தெருமுனையை நோக்கியவாறே, இறக்குவோரை விரைவுபடுத்துகிறார்.