மீட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மல்டிமீட்டரின் திரையில் 5.00 என்று வந்தால் மின்னழுத்தம் சரியாக ஐந்து வோல்ட் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்கள், மீட்டர் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்த எண் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். ±(0.5% + 2) என்று போட்டிருந்தால், காட்டும் அளவில் அரை சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிசகலாம் என்று பொருள். 20 வோல்ட் ரேஞ்சில் 5.00 வந்தால் 0.025, 0.02 இரண்டும் சேர்ந்து 0.045 வோல்ட். உண்மை அளவு 4.955 முதல் 5.045 வரை எதுவாகவும் இருக்கலாம். அதே ரேஞ்சில் 1.5 வோல்ட் பேட்டரியை அளந்தால் பிழை இரண்டு சதவீதத்தை நெருங்கும். 2 வோல்ட் ரேஞ்சுக்கு இறக்கினால் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான்.

சரி, மீட்டர் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? புது பேட்டரி உதவாது. ஆல்கலைன் செல் புதிதாக இருக்கும்போது 1.6 வோல்ட்டையும் தாண்டும். இன்னொரு மீட்டரோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே பக்கம் பிசகியிருக்க வாய்ப்பு உண்டு. மீட்டரைவிடக் குறைந்தது நான்கு மடங்கு துல்லியமான ஒன்று வேண்டும் என்பது அளவியலில் பழகிவந்த விதி.

ஏடி584 என்ற சிப் பொருத்திய சிறு பலகைகள் 2.5, 5, 7.5, 10 வோல்ட்டுகளைத் தருகின்றன. இவற்றை வாங்குபவர்கள் சிப்பின் தரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஜே தரத்தில் 10 வோல்ட்டுக்கு 30 மில்லிவோல்ட் வரை, அதாவது 0.3 சதவீதம் பிசகலாம். அரை சதவீத மீட்டரைச் சோதிக்க அது போதாது. எல் தரத்தில் 5 மில்லிவோல்ட்தான், தாராளமாகப் போதும். மின்தடைக்கு 0.1 சதவீத ரெசிஸ்டர்கள் கிடைக்கின்றன. முதலில் இரு புரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் தடையைக் குறித்துக்கொண்டு கழித்துவிட வேண்டும். சிறிய ரெசிஸ்டர்களில் அதுவே பெரிய பிழையாகிவிடும்.

காலிபரேஷன் கூடங்களும் தங்கள் கருவிகளை இன்னும் துல்லியமானவற்றோடு ஒப்பிடுகின்றன; அவற்றை அவற்றைவிடத் துல்லியமானவற்றோடு. நம் நாட்டில் இந்த ஒப்பீட்டுச் சங்கிலி டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடிகிறது. அங்கே ஆதாரம் ஜோசப்சன் விளைவு: இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பை வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், அலையின் அதிர்வெண்ணே மின்னழுத்தத்தைத் தீர்மானித்துவிடும். பிரையன் ஜோசப்சன் 1962-இல் தாளில் கணக்கிட்டுச் சொன்னது இன்று வோல்ட்டுக்கே அடித்தளம் என்பது இயற்பியலின் பேரழகுகளில் ஒன்று.

மீட்டரின் சொந்த பேட்டரியை மறந்துவிடக் கூடாது. மீட்டர் வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைத் தன் உள்ளிருக்கும் ஒரு நிலையான மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் எண்ணாக மாற்றுகிறது. மலிவான மீட்டர்களில் பேட்டரி தீரும்போது அந்த உள் அளவும் தாழ்ந்து, திரையில் எண் கூடுதலாக வரலாம். பேட்டரிக் குறி எரிந்த பிறகு எடுத்த அளவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்டு மின்சாரத்தில் வேலை செய்பவருக்கு மூன்றாவது தசமத்தைவிட முக்கியமானது வேறொன்று: சுழியம் காட்டும்போது உண்மையிலேயே கரண்ட் இல்லையா? புரோப் வயர் உள்ளே அறுந்திருந்தாலும் மீட்டர் தவறாகச் சுழியம் காட்டலாம். அதனால் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த பிளக்கில் முதலில் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அடுத்து, அணைத்த லைனில் பார்க்க வேண்டும்; சுழியம் வர வேண்டும். பிறகு திரும்பவும் அதே பிளக்கில். மூன்றாவது முறை மறுபடியும் 230 வந்த பிறகே வயரில் கை வைக்கலாம்.