அமில மழையும் மாணாக்கர் அறிவும்

2006 ஆம் ஆண்டில் 57 நாடுகளின் பதினைந்து வயது மாணாக்கர்க்குப் பிசா என்னும் பன்னாட்டு அறிவியல் தேர்வு நடைபெற்றது. ஏதென்ஸ் நகரத்துப் பளிங்குச் சிலைகளை அரித்த அமில மழை அதன்கண் ஒரு வினாப்பொருள். மழையை அமிலமாக்கும் வாயுக்கள் எங்ஙனம் தோன்றுகின்றன? நிலக்கரி முதலியன எரிதலால். இங்ஙனம் காரணம் விளக்குதல் ஒரு திறன். பளிங்குத் துண்டைக் காடியிலிட்டுச் சோதிப்போர் மற்றொரு துண்டைத் தூய நீரில் இடுவது ஏன்? அரித்தது அமிலமே என ஒப்பிட்டுத் தெளிதற்கு. இங்ஙனம் சோதனையின் நோக்கம் உணர்தல் மற்றொரு திறன்.

பல நாடுகளில் முன்னதில் மாணவரும் பின்னதில் மாணவியரும் மேம்பட்டனர். எனினும், அறிவியல் திறன் முழுவதையும் ஒருங்கே நோக்கின் இருபாலார்க்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிதே. காரணம் அறியாதார் சுற்றுச்சூழலின் கேட்டைத் தடுத்தல் அரிது. சோதித்து அறியாதார் மெய்க்காரணம் காண்டல் அரிது. ஆதலின் இருதிறனையும் இருபாலாரும் பயிலுதல் வேண்டும்.